அஞ்சி ஒதுங்கும் வளர்ப்புப் பிராணிகள்

வீட்டிலே நாயோ பூனையோ வளர்ப்போர் சிலர் ஒரு குறையைச் சொல்லக் கேட்கலாம். "நாள்தோறும் சோறும் மீனும் போடுகின்றோம், ஆயினும் படலையில் ஆள் தெரிந்ததும் கட்டிலின் கீழே போய் ஒளிந்துகொள்கின்றது" என்பர். நாட்செல்ல, "இது ஒன்றுக்கும் உதவாது" என்ற தீர்ப்பும் பிறந்துவிடும். இவ்வாறு தீர்ப்பளிக்கப்பட்டுச் சந்தையடியிலே கொண்டுபோய் விடப்படும் பிராணிகள் பல. அஞ்சி நடுங்கும் நாயை மூலையில் நெருக்கிக் கடியுண்ட சிறுவரும் உளர். ஆதலின், பிராணியின் கூச்சம் சிரித்து விட்டுவிடத்தக்க சிறு விடயமன்று.

இக்கூச்சம் எங்கிருந்து வருகின்றது? அடிபட்டதனால் வந்ததென்றே பலர் எண்ணுவர். அடியும் ஒரு காரணமே. ஆயினும், அடியே படாத பிராணியும் அஞ்சுவதுண்டு. 1961ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் நாய்க்குட்டிகளை உயர்ந்த வேலியிட்ட வெளியொன்றில் மனிதத் தொடர்பின்றி வளர்த்து, வெவ்வேறு வயதிலே மனிதரோடு பழகவிட்டனர். சில வாரக் குட்டிகள் விரைவிலே பழகின. 14 வாரம்வரை மனிதரோடு பழகாதிருந்தவையோ காட்டு விலங்குகள் போல வெருண்டோடின. நாய்க்குட்டிக்கு ஏறக்குறைய 3ஆம் வாரம் முதல் 12ஆம் வாரம் வரையும், பூனைக்குட்டிக்கு 2ஆம் வாரம் முதல் 7ஆம் வாரம் வரையும் உலகத்தை அறிமுகஞ்செய்யும் பருவமாகும். அப்பருவத்தில் அன்பான கைகளை அறியாத குட்டி, பின்னர் மனிதரைக் கண்டு அஞ்சுவது இயல்பே. தாயின் பயந்த சுபாவமும் குட்டிக்கு இறங்குதல் உண்டு.

பருவம் தவறியபின் வழியே இல்லையோ எனின், உண்டு. அதற்குச் சான்றாக ஒரு குழந்தையின் வரலாற்றைக் கூறலாம். மேரி கவர் ஜோன்ஸ் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர், முயலைக் கண்டாலே அலறிய பீற்றர் என்னும் மூன்று வயது நிரம்பாத சிறுவனின் அச்சத்தைப் போக்கிய முறையை 1924இல் வெளியிட்டார். சிறுவன் தனக்குப் பிரியமான உணவை உண்ணும் வேளையிலே, கூட்டிலிட்ட முயல் தொலைவில் வைக்கப்பட்டது. அவன் கலங்காத அளவிற்கு, நாளுக்குநாள் அது சிறிது சிறிதாக அருகே கொண்டுவரப்பட்டது. ஈற்றிலே அவன் அந்த முயலைத் தானே தடவினான். பிள்ளைக்குப் பயன்பட்ட இம்முறையே பிராணிக்கும் பயன்படுகின்றது.

முதலாவதாக, பிராணிக்கு ஓர் ஒதுக்கிடம் வேண்டும். விறாந்தையின் மூலையிலே ஒரு பெட்டியும் பழைய சாக்கும் போதும். அங்கே அது இருக்கும்போது எவரும் கைநீட்டி இழுத்தலாகாது. ஓடித் தப்ப இடமுண்டு என்று அறிந்த பிராணியே வெளியே வரத் துணியும்.

இரண்டாவதாக, தூரத்தை அறிதல் வேண்டும். எவ்வளவு தொலைவிலே ஆள் நின்றால் அது அமைதியாக உண்கின்றதோ, அங்கிருந்தே தொடங்குக. ஆள் தோன்றியபின் உணவு வரவேண்டும். ஆள் மறைந்ததும் உணவு நிற்கவேண்டும். கருவாட்டுத் துண்டோ அவித்த கோழியிறைச்சியோ அதன் முன்னே மெதுவாக எறியப்படலாம். அந்நியர் வருகை நல்லதொன்றின் அறிகுறி என்பதை இவ்வாறே அது கற்கின்றது. தூரத்தைக் குறைப்பது நாட்கணக்கிலும் கிழமைக்கணக்கிலும் நடைபெறவேண்டிய காரியம். ஒரு நாள் பின்வாங்கினால், முந்திய தூரத்திற்கே மீளுதல் வேண்டும்.

மூன்றாவதாக, விருந்தினர் பிராணியை உற்றுப் பார்த்தலும், அதன்மேற் குனிதலும், தலைக்கு மேலாகக் கையை நீட்டுதலும் தவிர்க்கப்பட வேண்டும். பக்கவாட்டாக இருந்து, அதுவே வந்து முகரும்வரை பொறுத்தல் நலம். பூனையானால், அதனை நோக்கிக் கண்களை மெல்ல மூடித் திறக்கலாம். அவ்வாறு செய்தவரையே பூனைகள் அணுகும் இயல்பு மிகுதியென 2020இல் வெளிவந்த பிரித்தானிய ஆராய்ச்சியொன்று காட்டிற்று. தொடுவதாயின், நாயை நெஞ்சருகிலும் பூனையைக் கன்னத்திலும் சில விநாடி மட்டும் தடவிக் கையை எடுத்துவிட வேண்டும். மீண்டும் அதுவே நெருங்கிவந்தால், அது சம்மதத்தின் அடையாளம்.

அஞ்சிய நாய் வாலைக் காலிடையே ஒடுக்கும். செவிகளைப் பின்னே சாய்க்கும். பசியின்றியும் உதட்டை நக்கும். பின்னர் உறுமும். உறுமலுக்காக அதனை அடிப்போர் பெருந் தவறு செய்கின்றனர். உறுமல் ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கை தடுக்கப்பட்ட நாய் எச்சரியாமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும். "பழகட்டும்" என்று பலர் கூடிய இடத்திலே பிடித்து நிறுத்துவதும் அவ்வாறே தீங்காகும். அசையாது நிற்கும் பிராணி பழகிவிட்டது என்று கொள்ளலாகாது; அச்சத்தால் அது உறைந்தும் நிற்கலாம்.

இலங்கையிலே விசர்நோய் பெரும்பாலும் நாய்க்கடியினாலேயே மனிதருக்குப் பரவுகின்றது. ஆதலின் தடுப்பூசி இன்றியமையாதது. கடியோ கீறலோ நேர்ந்தால், ஓடும் நீரிலே சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். முன்பு நன்கு பழகிய பிராணி திடீரென ஒதுங்கினால் அல்லது சீறினால், நோயோ நோவோ காரணமாகலாம்; மிருக வைத்தியரே அதனை அறிவார்.

எல்லாப் பிராணியும் எல்லாரிடமும் ஓடிவந்து வாலாட்டும் என்று எதிர்பார்த்தல் முறையன்று. சில, வீட்டாரிடம் மட்டுமே அன்பு பூண்டு, விருந்தினர் முன்னே தூரத்திற் படுத்திருக்கும். அச்சமின்றி அவ்வாறு படுத்திருக்க முடிந்ததே அதற்குப் பெரிய வெற்றியாகும். அதற்கு வேண்டிய காலத்தைக் கொடுப்பது வளர்ப்பவர் கடமை.