சங்கு ஊதினால் வேலை

காலையில் உங்களை எழுப்புவது யார்? அலாரமா, அம்மாவா? "இன்னும் அஞ்சு நிமிஷம்மா" என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறீர்களா? பரவாயில்லை, சின்ன வயதில் நானும் அப்படித்தான்.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உங்கள் வயதுப் பையன்கள் பலரை எழுப்பியது ஒரு சங்கு. கடற்கரையில் கிடைக்கிற சங்கு இல்லை. நீராவியால் ஊதுகிற ஆலைச் சங்கு. அது ஊர் முழுக்கக் கேட்கும். வெளியே இருட்டாக இருந்தாலும் சரி, பனி கொட்டினாலும் சரி, உடனே கிளம்ப வேண்டும். பள்ளிக்கூடத்துக்கு இல்லை, வேலைக்கு!

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் தொழிற்சாலைகள் மளமளவென்று பெருகின. ரயில் பாதைகள் நாடு முழுவதும் நீண்டன. ரயில் ஓட வேண்டும், இயந்திரம் சுற்ற வேண்டும், குளிர்காலத்தில் வீடு சூடாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் நிலக்கரி தேவைப்பட்டது. பென்சில்வேனியாவில் பூமிக்கு அடியில் நிலக்கரி நிறைய இருந்தது. அதைத் தோண்டும் வேலைக்காக அயர்லாந்து, போலந்து, இத்தாலி போன்ற நாடுகளில் இருந்து குடும்பங்கள் வந்து குடியேறின. அந்த வீடுகள் பலவற்றில் பிள்ளைகளுக்கு வீட்டில் ஒரு மொழி, வெளியே ஒரு மொழி. உங்களுக்கும் அப்படித்தானே?

அப்பாவும் அண்ணனும் சுரங்கத்துக்குள் இறங்குவார்கள். சின்னப் பையன்கள் எங்கே போவார்கள்? சுரங்கத்துக்கு மேலே பல மாடி உயரத்தில் ஒரு கட்டடம் இருக்கும். நிலக்கரியை உடைத்துச் சுத்தம் செய்கிற இடம் அது. நிலக்கரியை உச்சிக்கு ஏற்றி, அங்கே இயந்திரத்தில் போட்டு உடைப்பார்கள். உடைந்த கரி சரிவான பாதை வழியாகக் கீழே உருண்டு வரும். பூங்காவில் சறுக்குமரம் பார்த்திருக்கீங்கல்ல, அதைப் போல நீளமான பாதை. அதன் மேலே குறுக்காகப் பலகைகள் போட்டிருக்கும். பையன்கள் அந்தப் பலகைகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். கால்களுக்கு இடையில் கரி ஓடிக்கொண்டே இருக்கும். அதில் கலந்து வரும் கல்லைக் கையால் பொறுக்கி எடுத்துப் போட வேண்டும்.

கல்லும் கறுப்பு, கரியும் கறுப்பு! அரிசியில் கல் பொறுக்குகிற பாட்டியைப் பார்த்திருப்பீர்கள். அவங்க நிதானமாக, வெளிச்சத்தில் உட்கார்ந்து பொறுக்குவாங்க. இங்கே கரி நிற்காமல் ஓடும். குனிந்த முதுகு நிமிராது. தூசியில் எதிரே இருப்பவன் முகம்கூடச் சரியாகத் தெரியாது. இயந்திரச் சத்தத்தில் பேச்சும் கேட்காது. கையுறை போட்டால் வழுக்கும், வேலை மெதுவாகும் என்று அதையும் போட விடமாட்டார்கள். அதனால் விரல்கள் வீங்கி, வெடித்து, ரத்தம் வரும். சில பையன்கள் தவறிக் கரிக்குள் விழுந்து இறந்தும் போனார்கள். ஒரு நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் வேலை. கூலி, நாளுக்கு ஒரு டாலரைவிடக் குறைவு.

"அவங்க அம்மா அப்பா எப்படி அனுப்பினாங்க?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்விதான். அப்பாவின் கூலி மட்டும் வாடகைக்கும் ரொட்டிக்கும் போதவில்லை. சுரங்கத்தில் அப்பாவுக்கு அடிபட்டுவிட்டால் அந்தக் கூலியும் இல்லை. சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைக்கக்கூடாது என்று சட்டம் இருந்தது. ஆனால் பெற்றோர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள். முதலாளிகளும் அதைத் தோண்டித் துருவிக் கேட்கவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சின்னக் கூலி போதும் அல்லவா?

1900ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அமெரிக்காவில் 10 முதல் 15 வயது வரை உள்ள பிள்ளைகளில் 17 லட்சத்துக்கும் அதிகமானோர், அதாவது 1.7 மில்லியனுக்கும் மேற்பட்டவர்கள், வேலை செய்தார்கள். பலர் வயல்களில் வேலை செய்தார்கள். மற்றவர்கள் நூற்பாலைகளிலும் கண்ணாடி ஆலைகளிலும் தெருக்களிலும் உழைத்தார்கள்.

எல்லாரும் வாய் மூடிப் பொறுத்துக்கொண்டார்களா? இல்லை! நியூயார்க் நகரத் தெருவில் செய்தித்தாள் விற்ற பையன்களின் கணக்கைப் பாருங்கள். அவர்கள் 100 தாள்களை 50 சென்ட்டுக்கு வாங்கி, ஒரு தாளை ஒரு சென்ட்டுக்கு விற்றார்கள். எல்லாம் விற்றால் லாபம் 50 சென்ட். 1898இல் போர் நடந்தபோது செய்தித்தாள் நன்றாக விற்றது. உடனே பத்திரிகைகள் 100 தாள்களின் விலையை 60 சென்ட்டாக ஏற்றின. இப்போது லாபம் எவ்வளவு? நீங்களே கணக்குப் போடுங்கள். விற்காத தாளைத் திருப்பித் தரவும் முடியாது. போர் முடிந்ததும் மற்ற பத்திரிகைகள் விலையைக் குறைத்தன. 'வேர்ல்ட்', 'ஜர்னல்' என்ற இரண்டு பெரிய பத்திரிகைகள் மட்டும் குறைக்கவில்லை.

1899 ஜூலையில் பையன்கள், "அந்த ரெண்டையும் விற்கமாட்டோம்" என்று வேலைநிறுத்தம் செய்தார்கள். ஊர்வலம் போனார்கள், கூட்டம் போட்டார்கள். விற்றவர்களின் தாள்களைப் பிடுங்கிக் கிழித்ததும் உண்டு. சுமார் இரண்டு வாரம் இது நடந்தது. பெரிய முதலாளிகள் விலையைக் குறைக்கவில்லை. ஆனால் விற்காத தாள்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒத்துக்கொண்டார்கள். பாதி வெற்றிதான். ஆனாலும் அது பிள்ளைகளே வாங்கிய வெற்றி.

தெருவில் விற்ற பையன்களை ஊரே பார்த்தது. ஆலைக்குள் இருந்த பிள்ளைகளை யார் பார்ப்பது? லூயிஸ் ஹைன் என்ற பள்ளி ஆசிரியர் 1908இல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுக் கேமராவோடு கிளம்பினார். குழந்தைத் தொழிலை நிறுத்தப் பாடுபட்ட ஒரு குழு அவரை அனுப்பியது. ஆலைக்காரர்கள் உள்ளே விடுவார்களா? அதனால் அவர் வேஷம் போட்டார். ஒரு நாள் தீயணைப்புச் சோதனை செய்பவர், ஒரு நாள் பைபிள் விற்பவர். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டு, யாருக்கும் தெரியாமல் குறிப்பு எழுதுவார். தன் கோட்டில் ஒவ்வொரு பட்டனும் தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று அவருக்குத் தெரியும். ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நின்றால், தலை எந்தப் பட்டன்வரை வருகிறது என்று பார்த்து உயரத்தைக் குறித்துக்கொள்வார். கில்லாடிதான்!

அவர் எடுத்த படங்கள் பத்திரிகைகளிலும் கண்காட்சிகளிலும் வந்தன. மக்கள் பார்த்து அதிர்ந்து போனார்கள். ஆனாலும் சட்டம் சீக்கிரம் வரவில்லை. 1916இல் நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் போட்டார்கள். 1918இல் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லிவிட்டது. 1938இல் போட்ட சட்டம்தான் நிலைத்தது. 16 வயது ஆகாதவர்களைத் தொழிற்சாலையிலும் சுரங்கத்திலும் வேலைக்கு வைக்க அந்தச் சட்டம் தடை போட்டது. ஹைன் 1940இல் இறந்தார். தன் படங்களில் இருந்த வேலைக்குத் தடை வந்ததை அவர் பார்த்துவிட்டார்.

அவருடைய படங்கள் 5,000க்கும் மேல் வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. இணையத்திலும் பார்க்கலாம். 1911 ஜனவரியில் பிட்ஸ்டன் என்ற ஊரில் எடுத்த படத்தைத் தேடிப் பாருங்கள். கரித் தூசிக்கு நடுவே பையன்கள் வரிசை வரிசையாகக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து ஊர்களில் அதே நேரம் பள்ளி மணி அடித்திருக்கும்.