யோகா பாட்டி நானம்மாள் (1920–2019)

நானம்மாள் கோவைக்காரர். பிறந்தது பொள்ளாச்சி அருகே ஜமீன் காளியாபுரம்.

எட்டு வயதில் அப்பாவிடம் ஆசனம் கற்கத் தொடங்கினார். கணவர் சித்த வைத்தியர். கல்யாணம், ஐந்து பிள்ளைகள், பேரன் பேத்திகள் என்று குடும்பம் பெருகியபோதும் பயிற்சியை விடவில்லை. மற்ற பாட்டிகள் திண்ணையில் சாய்ந்துகொள்ளும் வயதில் இவர் மேடையேறி ஆசனங்களைச் செய்து காட்டினார். உடம்பு வளைந்ததுகூடப் பெரிதில்லை, வீட்டையே வகுப்பறையாக்கிவிட்டார். பிள்ளைகள், பேரப்பிள்ளைகளில் பலர் யோகா ஆசிரியர்கள்.

பத்மஸ்ரீ விருது 2018-இல்தான், சற்றுத் தாமதமாகவே, வந்தது. 2019 அக்டோபர் 26 அன்று 99 வயதில் காலமானார்.