மின்சாரத்தை மாற்றும் பெட்டி

இன்று பல கிணற்றடிகளில் சூரிய ஒளிப் பம்பு செட்டுகள் இயங்குகின்றன. ஒளித் தகடுகளுக்கும் மோட்டாருக்கும் நடுவே ஒரு பெட்டி மாட்டப்பட்டிருக்கும். விசைத்தறிக் கூடங்களில் மோட்டாரின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பொருத்தப்படும் பெட்டியும் இதற்கு உடன்பிறந்ததே. கோடையில் இது பழுதானால் பயிர் வாடும். தறி நின்றால் கூலியும் நிற்கும். ஆதலின் அதனுள் நடப்பது யாது என்பதை நம் அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகின்றோம்.

ஒளித் தகடு தருவது ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம். சாதாரணப் பம்பு மோட்டாருக்கு வேண்டுவதோ வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் ஊசலாடும் மாறுமின்சாரம். ஒன்றை மற்றொன்றாக, நட்டம் மிகாமல் மாற்றித் தருவதே பெட்டியின் தொழில்.

நட்டம் மிகாமை என்பதே இதில் முக்கியம். ஓர் உதாரணம் கூறுவோம். 24 வோல்ட் பாட்டரியிலிருந்து, 5 ஆம்பியர் இழுக்கும் 12 வோல்ட் விளக்கை எரிக்க வேண்டும். இடையில் ஒரு மின்தடையைச் சேர்த்தால் விளக்கு எரியும். ஆயின் விளக்குக்குச் செல்வது 60 வாட். மின்தடை சூடேறி வீணாக்குவதும் 60 வாட்.

இதற்கு மாற்று வழி சுவிட்சு. முற்றும் இணைந்த சுவிட்சில் ஓட்டம் உண்டு. அதன் இரு முனைகளுக்கிடையே வோல்ட் ஏறக்குறைய இல்லை. முற்றும் பிரிந்த சுவிட்சில் வோல்ட் உண்டு; ஓட்டம் இல்லை. நட்டம் இவ்விரண்டின் பெருக்கல் தொகை. ஒன்று பூஜ்யமாயின் நட்டமும் பூஜ்யம். மடையைச் சற்று நேரம் திறந்து சற்று நேரம் அடைத்தாலும், கீழே ஒரு தொட்டி இருப்பின் வாய்க்காலில் நீர் சீராக ஓடுமன்றோ? அவ்வாறே சுவிட்சு வினாடிக்குப் பல்லாயிரம் முறை இணைந்து பிரிய, கம்பிச் சுருளும் கபாசிட்டரும் தொட்டியாக நின்று ஓட்டத்தைச் சீராக்குகின்றன. பாதி நேரம் இணைந்திருந்தால் 24 வோல்ட் 12 ஆகிறது. கையால் இயலாத இவ்வேகத்தை, 1947-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய டிரான்சிஸ்டரின் வழிவந்த கருவிகள் தருகின்றன.

மாறுமின்சாரம் ஆக்க, மோட்டாருக்குச் செல்லும் ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு சுவிட்சுகள் வேண்டும். மும்முனை மோட்டாருக்கு ஆறு. நெசவாளர் இரு மிதிகளை மாறி மாறி மிதிப்பதுபோல இவை மாறி மாறி இணையும். இரண்டும் ஒருசேர இணைந்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகிக் கணத்தில் கருகிவிடும். ஆதலின் ஒன்று பிரிந்தபின், மற்றது இணையுமுன், மிகச் சிறு இடைவெளி விடப்படுகிறது.

இளவெயிலில் பம்பு நின்றுவிடாமல் மெதுவாகச் சுழல்வதும் இப்பெட்டியால்தான். ஊசலாட்டத்தை 50-லிருந்து 25 ஆக்கினால் வோல்ட்டையும் 415-லிருந்து ஏறக்குறைய 207 ஆக்க வேண்டும். இல்லையேல் மோட்டாரின் இரும்பு காந்தத்தால் நிறைவுற்று, ஓட்டம் மிகுந்து, சுருள் சூடேறும். ஆழக் கிணற்றில் வேகம் மிகக் குறைந்தால் நீர் மேலேறாது. அது பெட்டியின் குற்றமன்று.

சுவிட்சு மாறும் கணத்தில் மட்டும் வோல்ட்டும் ஓட்டமும் ஒருங்கே நிற்கும்; அப்பொழுது சிறு நட்டம் உண்டு. அடிக்கடி மாற்றினால் சுருள் சிறிதாகலாம். ஆனால் அந்நட்டம் பெருகும். இவ்விரண்டையும் நிறுத்துப் பார்ப்பதே வடிவமைப்போரின் வேலை. 4,000 வாட் உட்சென்று நூற்றுக்கு 95 பங்கு வெளிவந்தாலும், 200 வாட் பெட்டிக்குள்ளேயே வெப்பமாகிறது. பெட்டியை அழிப்பது பெரும்பாலும் இவ்வெப்பமே. கபாசிட்டரின் சூடு 10 டிகிரி குறைந்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது பொறியாளரின் பொதுக் கணக்கு.

ஆதலின் நாம் செய்ய வேண்டுபவை இவை. வாங்குமுன், முழுச் சுமையை எத்தனை டிகிரி வெயில்வரை தாங்கும் எனக் கேட்டு எழுத்தில் பெறுக. பெட்டியை நிழலில், காற்றோட்டமாக மாட்டுக. அதன் உலோக விலாக்களில் பஞ்சுத் தூசும் மண்ணும் படியவிடாதீர். சுவிட்சை அணைத்த பின்னும் கபாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். வெயில் உள்ளவரை தகட்டிலிருந்து வரும் கம்பியிலும் உண்டு. எனவே மூடியைத் திறப்பதைப் பயிற்சி பெற்றவரிடமே விடுக. தூசு துடைக்கும் தூரிகையின் விலை சில ரூபாய். பெட்டியின் விலையோ பல ஆயிரம்.