எவர்சில்வர் தொட்டியிலும் ஓட்டை விழும்: ஊறுகாய்த் தொழில் செய்வோர் கவனத்திற்கு

வீட்டில் ஊறுகாய் போட்டு விற்பவர்கள், வியாபாரம் பெருகியதும் முதலில் வாங்க நினைப்பது பெரிய எவர்சில்வர் தொட்டி. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்ற நம்பிக்கையில்தான் பலரும் பணத்தைப் போடுகிறார்கள். சில மாதங்களில் தொட்டியின் அடியில் ஊசி முனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தோன்றலாம். தேய்த்தால் கறை போய்விடும். அதற்குக் கீழே உள்ள குழி போகாது.

எவர்சில்வரைக் காப்பது அதில் கலந்துள்ள குரோமியம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக உலோகத்தை மூடிக்கொள்கிறது. கீறல் விழுந்தாலும் படலம் தானாகவே மீண்டும் உருவாகும். உப்பிலுள்ள குளோரைடுதான் அதற்கு எமன். படலம் பலவீனமாக இருக்கும் இடத்தில் குளோரைடு நுழைந்துவிட்டால், குழிக்குள் அமிலத்தன்மை கூடி உலோகத்தை ஆழமாகத் தின்றுகொண்டே போகும். சுற்றிலும் பளபளவென்று இருக்கும்போதே ஓட்டை விழுவது இதனால்தான். கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 விழுக்காடு, ஊறுகாய்க்கான உப்புநீரில் அதைவிடப் பல மடங்கு. எலுமிச்சைப் புளிப்பும் சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கடைகளில் பரவலாகக் கிடைப்பது 304 ரகம். அதில் குரோமியம் சுமார் 18 விழுக்காடு, நிக்கல் 8 விழுக்காடு. சாதாரணச் சமையலுக்கு இது தாராளமாகப் போதும். உப்புநீர் படும் வேலைக்கு 316 ரகமே ஏற்றது. அதிலுள்ள 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம், குளோரைடைத் தாங்கும் வலுவைக் கூட்டுகிறது. பற்றவைத்துச் செய்யும் தொட்டி என்றால், கரிமம் குறைந்த 316எல் ரகத்தைக் கேட்கலாம். விலை கூடத்தான். மலிவாகக் கிடைக்கும் 201 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைச் சேர்த்திருப்பார்கள். உப்புப் பக்கமே அதைக் கொண்டுபோகக் கூடாது. அலுமினியமும் அப்படித்தான்.

காந்தம் வைத்துப் பார்த்து வாங்குவதில் பயனில்லை. 201, 304, 316 மூன்றிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. ரகத்தைக் குறிப்பிடும் ஆலைச் சான்றிதழைக் கேட்பதே நல்லது.

316 என்றாலும் மாதக்கணக்கில் உப்புநீரைத் தேக்கி வைக்க ஏற்றதல்ல. ஊறவைக்கப் பாட்டி காலத்துப் பீங்கான் ஜாடியோ, உணவுக்கென்றே தயாரிக்கப்பட்ட பிளாஸ்டிக் பீப்பாயோ போதும். எவர்சில்வரைக் கலக்கவும் நிரப்பவும் வைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். கழுவும்போது குளோரின் கலந்த வெளுப்பானை ஊற்றிவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது; அதுவும் உப்பு செய்யும் அதே வேலையைச் செய்யும். இரும்பு நாரும் வேண்டாம். அதன் துகள்கள் ஒட்டிக்கொண்டு அங்கிருந்தே துரு தொடங்கும்.