கடனும் இருக்கு, காரும் வேணும்: எதை முதலில் முடிப்பது? குமரி குடும்பங்களுக்கான கணக்கு

நாகர்கோவிலில் இருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை வரை போனால் பழைய கார் விற்கும் இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. பேச்சும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். "கையில 80 ஆயிரம் இருந்தா போதும், மிச்சத்துக்கு லோன் போட்டுக்கலாம்லா!"

வீட்டில் ஏற்கெனவே நகைக்கடன், கிரெடிட் கார்டு பாக்கி, தெரிந்தவரிடம் வாங்கிய வட்டிப் பணம் என்று மூன்று நான்கு கடன் ஓடிக்கொண்டிருக்கும். அதோடு கார் கடனும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விற்பவர் சொல்லமாட்டார். அது அவர் வேலையும் இல்லை.

கார் ஆசையை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. வயதான அப்பா அம்மாவை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கோ, எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்கோ அழைத்துப் போக வேண்டியிருக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. குழந்தைகளோடு பைக்கில் போவதும் சிரமம். அதனால் கார் வேண்டுமா, வேண்டாமா என்று கேட்பதில் பலனில்லை. எப்போது, எவ்வளவுக்கு வாங்குவது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்றே வாங்கினால் என்ன ஆகும்?

ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். கணவன், மனைவி இருவரின் வருமானம் சேர்த்து மாதம் 42,000 ரூபாய். வீட்டுச் செலவு 24,000. மிச்சம் 18,000.

கடன் மூன்று. கிரெடிட் கார்டு பாக்கி 60,000. தெரிந்தவரிடம் 'ரெண்டு ரூபாய் வட்டி'க்கு வாங்கியது 50,000. வங்கியில் நகைக்கடன் 1,50,000, வட்டி ஆண்டுக்கு 9 சதவீதம்.

இந்தக் குடும்பம் 3,20,000 ரூபாய்க்கு ஒரு பழைய கார் பார்க்கிறது. 80,000 முன்பணம், மீதி 2,40,000 கடன். வட்டி 14 சதவீதம், 48 மாதம் என்றால் இ.எம்.ஐ. சுமார் 6,560 ரூபாய்.

இதோடு நிற்காது. மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டினால், லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தாலே 5,300 ரூபாய் ஆகிவிடும். டயர், பேட்டரி, சர்வீஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து மாதம் 2,000 ஒதுக்கியே ஆகவேண்டும். பழைய வண்டிக்கு இதுவே குறைவுதான். இன்சூரன்ஸ் மாதக் கணக்கில் 750. எல்லாம் கூட்டினால் காருக்கு மட்டும் மாதம் 14,600.

18,000-ல் இது போக மிஞ்சுவது 3,400. ஆனால் மூன்று கடனுக்கும் வட்டி மட்டுமே மாதம் 4,600 ரூபாய். அசலில் ஒரு ரூபாய்கூடக் குறையாது. மாதம் 1,200 ரூபாய் துண்டும் விழும். அந்தத் துண்டு எங்கே போய் உட்காரும்? மறுபடியும் கிரெடிட் கார்டில்தான். ஒன்றிரண்டு வருடத்தில் காரை விற்றுக் கடனை அடைக்கிற நிலைமை இப்படித்தான் வருகிறது.

'ரெண்டு ரூபாய் வட்டி' சின்னதா?

ஊர்ப்பேச்சில் வட்டியை ரூபாயில் சொல்வதால் அது சின்னதாகத் தெரிகிறது. ரெண்டு ரூபாய் வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். அஞ்சு ரூபாய் வட்டி என்றால் 60 சதவீதம். கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச் சட்டம் வந்தாகிவிட்டது. மிரட்டி வசூலித்தால் போலீசில் புகார் கொடுக்கலாம்.

கிரெடிட் கார்டு அதைவிடக் கடுமை. மாதம் 3.5 சதவீத வட்டி என்றால், அந்த வட்டிக்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. 60,000 பாக்கிக்கு மாதம் 2,478 ரூபாய் வெறும் வட்டியாகவே போகும். 'மினிமம் டியூ' மட்டும் கட்டுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பழைய கார் கடனிலும் ஒரு கண்கட்டு உண்டு. "வெறும் 9 பர்சென்ட்தான்" என்பார்கள். அது 'பிளாட்' வட்டியா என்று கேட்க வேண்டும். 2,40,000-க்கு 9 சதவீத பிளாட் வட்டி, நான்கு ஆண்டு என்றால் மாதம் 6,800 கட்ட வேண்டும். குறையும் அசலுக்கு வட்டி போடும் முறையில் பார்த்தால் இது 16 சதவீத வட்டிக்குச் சமம். அதாவது, நேரடியாக 14 சதவீதம் என்று சொல்லும் வங்கியைவிட இது அதிகம். 2024 அக்டோபர் முதல், கடன் தரும் நிறுவனங்கள் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதத்தை ஒரு விவரத்தாளில் எழுதித் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. கையெழுத்துக்கு முன் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தால் போதும்.

அதே குடும்பம் 16 மாதம் பொறுத்தால்?

மிச்சமாகும் 18,000-ல் 3,000 ரூபாய் அவசரச் செலவுக்கு. மீதி 15,000 கடனுக்கு. கார்டை இனி தொடக் கூடாது. இந்தக் கணக்கு முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

நகைக்கடன் வட்டி 1,125 ரூபாயைத் தனியாக எடுத்து வைத்து, ரெண்டு ரூபாய் வட்டிக்காரருக்கு 1,000 கொடுத்துவிட்டு, மிச்சம் 12,875 ரூபாயையும் கார்டிலேயே கட்டினால் ஆறாவது மாதம் கார்டு பாக்கி தீர்ந்துவிடும். அதே தொகையை அடுத்துக் கைமாற்றுக் கடனுக்குத் திருப்பினால் பத்தாவது மாதம் அதுவும் முடிந்துவிடும். அந்த மாதமே 13,000 ரூபாய் கையில் நிற்கும்.

அடுத்த ஆறு மாதம் கார் இல்லாமலேயே கார் செலவு செய்து பார்க்க வேண்டும். நகைக்கடன் வட்டி போக மாதம் 13,875 ரூபாயை வங்கி ஆர்.டி.யில் போடுவதுதான் அந்த ஒத்திகை. பள்ளிக் கட்டணம், கல்யாண மொய், காய்ச்சல் செலவு எல்லாம் வந்தபிறகும் அதை இடையில் உடைக்காமல் இருக்க முடிந்தால் கார் கட்டுப்படியாகும். முடியவில்லை என்றால் அது ஆறு மாதத்தில், நஷ்டமில்லாமல் தெரிந்துவிடும்.

16 மாத முடிவில் முன்பணம் சுமார் 96,000 ரூபாய், அவசர நிதி 48,000. இப்போது 2,20,000 ரூபாய் கார் பார்த்தால் கடன் 1,24,000 மட்டும். அதே 14 சதவீதத்தில் மூன்று ஆண்டுக்கு இ.எம்.ஐ. சுமார் 4,240. ஓட்டும் செலவையும் கூட்டினால் மாதம் 12,290. இதன் பிறகும் நகைக்கடன் வட்டி கட்டி, அசலைக் குறைக்க மாதம் 4,500 ரூபாய் மிஞ்சும்.

முன்பணத்தை வைத்து நகையை முதலில் மீட்கலாமே என்று வீட்டில் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் நகைக்கடன் 9 சதவீதம், கார் கடன் 14 சதவீதம். கார் வாங்குவது உறுதி என்றால் அதன் கடனைக் குறைப்பதில்தான் லாபம். கார் அவசரமில்லை என்றால் நகைதான் முதலில்.

தங்கம் விலை ஏறியிருக்கே, கூடுதலாக வாங்கலாமா?

ரொம்ப ஆசை காட்டும் வழி இதுதான். பவுன் விலை ஏறிவிட்டதால், அதே நகைக்குக் கூடுதல் கடன் கிடைக்கிறது. ரிசர்வ் வங்கியின் புதிய விதிப்படி, 2026 ஏப்ரல் முதல் 2.5 லட்சம் ரூபாய் வரையிலான நகைக்கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். அதற்கு மேல் 5 லட்சம் வரை 80 சதவீதம். 5 லட்சத்தைத் தாண்டினால் 75 சதவீதம். கடைசியில் மொத்தமாகக் கட்டும் கடனுக்கு இந்த வரம்பில் வட்டியும் சேரும்; தவணை 12 மாதத்துக்குள்.

24 சதவீத வட்டிக் கடனை அடைக்க 9 சதவீத நகைக்கடனை உயர்த்துவது புத்திசாலித்தனம்; மேலே சொன்ன 16 மாதம் அதனால் குறையவும் செய்யும். அதே நகையைக் காரின் முன்பணத்துக்கு வைப்பது வேறு கதை. வைத்த நகையின் விலை ஏறலாம். வாங்கிய காரின் விலை வருடா வருடம் இறங்கும். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பவுன் ஏலத்துக்குப் போனால், அந்தக் காரை விற்றாலும் திரும்பி வராது.

சீட்டு எடுத்து வாங்கலாம் என்பவர்களும் உண்டு. சீட்டு 1982-ம் ஆண்டு சட்டப்படி பதிவு செய்யப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆரம்ப மாதங்களில் ஏலத்தில் தள்ளி எடுத்தால், தள்ளிய தொகையும் ஒரு வட்டிதான். பளுகல் அருகே மத்தம்பாலையில் இயங்கிய நிர்மல் கிருஷ்ணா நிதி நிறுவனம் 2017-ல் மூடப்பட்டபோது, எல்லையின் இரண்டு பக்கமும் பணம் போட்டவர்கள் தெருவுக்கு வந்தது குமரியில் இன்னும் மறக்கவில்லை. முன்பணம் சேர்க்கும் இடம் வங்கியோ, அஞ்சலகமோ ஆக இருக்கட்டும். வட்டி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இ.எம்.ஐ.க்குப் பருவம் தெரியாது

மாதச் சம்பளக்காரர்களுக்குப் போட்ட கணக்கு இது. நாஞ்சில் நாட்டு நெல் விவசாயிக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு அறுவடையில்தான் பணம் வரும். ரப்பர் பால்வெட்டுபவருக்கு மழைக்காலத்திலும் இலையுதிர் காலத்திலும் வேலை படுத்துவிடும். குளச்சல், தேங்காப்பட்டணம் பக்கம் விசைப்படகுக்காரர்களுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. இந்தக் குடும்பங்கள் மூன்று மாத இ.எம்.ஐ.யைத் தனிக் கணக்கில் போட்டு வைத்த பிறகே கடன் விண்ணப்பத்தைத் தொட வேண்டும். ஒரு தவணை 'பவுன்ஸ்' ஆனால் அபராதத்தோடு சிபில் மதிப்பெண்ணும் அடிவாங்கும்.

கார் வேண்டியது மாதத்துக்கு இரண்டு மூன்று ஆஸ்பத்திரிப் பயணத்துக்கு மட்டும்தான் என்றால் கணக்கே வேறு. ஒரு பயணத்துக்கு டாக்சிக்கு 2,500 ரூபாய் கொடுத்தாலும், மூன்று பயணத்துக்கு 7,500. சொந்தக் காருக்கு ஆகும் 12,290-ஐவிட இது குறைவு.

விலை பேசும்போது

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28-ல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புதிய காரின் விலையே இறங்கியபோது, பழைய காருக்கு அதற்கு முந்தைய விலையைக் கணக்காகக் காட்டுவது செல்லாது. அந்த மாடலின் இன்றைய ஷோரூம் விலையைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும்.

குமரியில் தனிச் சிக்கல் கே.எல். நம்பர் வண்டிகள். பார்க்க மலிவாக இருக்கும். ஆனால் கேரளத்தில் என்.ஓ.சி. (படிவம் 28) வாங்கி, இங்கே சாலைவரி கட்டி, டி.என். 74 அல்லது 75 எண்ணுக்கு மாற்ற வேண்டும். 12 மாதத்துக்கு மேல் இங்கேயே ஓட்டினால் மறுபதிவு கட்டாயம். வண்டியின் வயதையும் மதிப்பையும் பொறுத்து வரி மாறும் என்பதால், நாகர்கோவில் அல்லது மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தொகையைக் கேட்டுவிட்டே விலை பேசுவது நல்லது. 15 வருடத்தை நெருங்கும் வண்டி என்றால் தகுதிச் சோதனை, பசுமை வரி, பதிவுப் புதுப்பிப்புச் செலவும் கூடவே வரும்.

கடலோரத்தில் ஓடிய வண்டியைக் கீழே குனிந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. உப்புக்காற்று கதவின் அடிப்பகுதியையும் சேஸிஸையும்தான் முதலில் தின்னும். மேலே பளபளப்பாகவே இருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று தெரிய சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கலாம். சேற்றுக் கறை அங்கே ஒளிந்திருக்கும். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டவாளத்தில் துரு இருந்தாலும் சந்தேகம்தான். நம்பிக்கையான மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலி வீண்செலவு ஆகாது.

பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது ஓனர், கடன் பாக்கி, இன்சூரன்ஸ் தேதி தெரியும். அபராத நிலுவையையும் ஆன்லைனில் பார்க்கலாம். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். படிவம் 29, 30-ல் விற்பவர் கையெழுத்து தேவை. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்துக்குப் பிறகு சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் வாங்குவது கஷ்டம்.

கார் கடன் முடிந்ததும் பலர் மறப்பது ஒன்று உண்டு. வங்கியின் தடையில்லாச் சான்றோடு படிவம் 35 கொடுத்து, ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பை நீக்க வேண்டும். அந்தச் சான்று குறிப்பிட்ட காலத்துக்குத்தான் செல்லும் என்பதால், கையில் கிடைத்ததும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துவிடுவது நல்லது.