பார்வையற்றவருக்கு நிறத்தை விளக்குவது எப்படி?

ஓய்வுக்குப் பின் ஒருமுறை சொந்த ஊரான விஜயபுரத்துக்குப் போயிருந்தேன். பிறவியிலேயே பார்வையற்ற பக்கத்து வீட்டுச் சிறுவன், "தாத்தா, சிவப்புன்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டான்.

"நெருப்பு மாதிரி, சுடும்" என்றேன்.

"அப்போ செம்பருத்தி ஏன் சுடல?"

வாழ்நாளெல்லாம் சிவப்பை நம்பி ரயில்வேயில் உழைத்த எனக்குப் பதில் வரவில்லை.

இந்தச் சிக்கல் பழையது. 1689-இல் வெளியான நூலில் தத்துவ அறிஞர் ஜான் லாக், செந்நிறம் எக்காள ஓசை போன்றது என்று எண்ணிய பார்வையற்ற ஒருவரைக் குறிப்பிடுகிறார். ஒளி, சூடு, ஓசை மூன்றும் வேறுவேறு.

அன்றிரவு என் தொழிலே வழிகாட்டியது. பாதையில் தடை இருந்தால் சிவப்புக் கொடி பிடிப்போம். அத்துடன் அகலப் பாதையில் 1200 மீட்டர் முன்பே, 10 மீட்டர் இடைவெளியில் 3 டெட்டனேட்டர்களைத் தண்டவாளத்தில் வைப்போம். சக்கரம் ஏறியதும் அவை வெடிக்கும். மூடுபனியில் கொடி தெரியாத ஓட்டுநரும் வண்டியைக் கட்டுப்படுத்துவார். சிவப்பின் தோற்றம் அவருக்கு எட்டவில்லை, செய்தி எட்டிவிட்டது.

மறுநாள் பையனிடம் சொன்னேன்: "தோற்றத்தை என்னால் சொல்ல முடியாதப்பா. ஆனால் குங்குமம், காய்ந்த மிளகாய், செம்பருத்தி எல்லாம் ஒரே நிறம். ரயிலை நிறுத்தும் கொடியும் அதே நிறம்தான்."

"அப்போ வண்டி போகலாம்னா?"

"பச்சை. மாங்காய், வேப்பிலை நிறம்."

"இப்போ புரியுது" என்றான்.

அன்பர்களே, நிறம் எப்படி இருக்கும் என்று சொல்ல முயலாதீர்கள். அது எங்கெல்லாம் வரும், என்ன செய்யும் என்று சொல்லுங்கள்.