தடைக்காலம்: மீன் பெருகவும் மீனவர் பிழைக்கவும் என்ன வழி?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, திருவள்ளூரிலிருந்து கன்னியாகுமரி வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. தமிழ்நாட்டில் 2001இல் 45 நாளாகத் தொடங்கிய இந்தத் தடை, பின்னர் 61 நாளாக நீட்டிக்கப்பட்டது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகக் கடலுக்கு ஓய்வு தருவதே நோக்கம். ஆனால், அந்த ஓய்வில் பெருகிய மீனைத் தடை முடிந்த சில வாரங்களிலேயே அள்ளிவிட்டால் கடலுக்கும் லாபமில்லை, மீனவருக்கும் லாபமில்லை. தடையின் பலன் நிலைக்க என்ன செய்ய வேண்டும்?

தடையின் பயன் என்ன?

தடை நாட்களில் இழுவலை கடலின் அடித்தரையைச் சுரண்டுவதில்லை. சினை மீன்களும் குஞ்சுகளும் தப்புகின்றன. தடை முடிந்து முதலில் போகும் படகுகள் நல்ல மீன்பாட்டோடு திரும்புவது வழக்கம். நாட்டுப்படகுகள் தடையின்போதும் கரையோரம் தொழில் செய்யலாம் என்பதால் சந்தை முற்றிலும் வெறுமையாவதில்லை. மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்குகிறது. அதனால் மே இறுதிவரை கேரள மீனும் நம் சந்தைக்கு வருகிறது.

ஆனால், தடை கட்டுப்படுத்துவது நாட்களை மட்டுமே. படகுகளின் எண்ணிக்கை, எஞ்சினின் குதிரைத்திறன், வலையின் கண்ணி ஆகியவற்றுக்கு வேறு விதிகள் உண்டு. இழுவலையின் மடியில் கண்ணி 40 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்கு அனுமதி இல்லை. இந்த விதிகள் மீறப்படும்போது, இரண்டு மாதம் காத்து வளர்த்த குஞ்சுகள் ஜூன் முடிவதற்குள் வலையில் ஏறிவிடுகின்றன.

குஞ்சு மீன் ஏன் கரைக்கு வருகிறது?

பேராசைதான் காரணம் என்று மீனவரைக் குற்றம் சொல்வது எளிது. படகின் கணக்கைப் பார்த்தால் உண்மை வேறு. டீசல், ஐஸ், சாப்பாடு என எல்லாச் செலவும் கடலுக்குப் போகும் முன்பே ஆகிவிடுகிறது. அதற்குப் பல உரிமையாளர்கள் ஏலக்காரரிடமோ வியாபாரியிடமோ முன்பணம் வாங்குகிறார்கள். திரும்பி வந்ததும் கடனைக் கழித்து, செலவைக் கழித்து, மிஞ்சுவதில்தான் தொழிலாளிக்குப் பங்கு. பெரிய மீன் குறைந்தால் அந்தச் செலவை ஈடுகட்டச் சிறு மீனும் குஞ்சும் கலந்த கழிசலையும் கரைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கோழித்தீவனத்துக்கும் மீன்தூள் ஆலைக்கும் போகும் அந்தக் குவியலில் சங்கராக் குஞ்சும் உண்டு, வஞ்சிரக் குஞ்சும் உண்டு. வஞ்சிரம் வேகமாக வளரும் மீன். ஓராண்டு விட்டுவைத்தால் நல்ல விலைக்கு விற்கக்கூடியது, தீவனமாகச் சில ரூபாய்க்குப் போகிறது.

‘நான் விட்டால் பக்கத்துப் படகு அள்ளிவிடும்’ என்ற அச்சமும் நியாயமானதுதான். கடல் பொதுச் சொத்து. ஒருவர் மட்டும் பொறுமை காத்தால் நட்டம் அவருக்கு, மீன் அடுத்தவருக்கு. ஆகவே தனிமனித நல்லெண்ணத்தை நம்பி மீன்வளத்தை மீட்க முடியாது. எல்லோருக்கும் ஒரே விதி, எல்லோரிடமும் ஒரே கண்டிப்பு வேண்டும்.

தாமதத்தின் விலை

காலம் கடந்தபின் விழித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து சாட்சி. அங்கே 1968இல் காட் மீன் பிடிப்பு எட்டு லட்சம் டன்னைத் தாண்டியது. பிறகு இருப்பு குறைந்துகொண்டே போனது. எஞ்சிய மீன்கள் கூட்டமாக ஓரிடத்தில் திரண்டதால் படகுகளின் வலை மட்டும் கடைசிவரை நிறைந்தது. அந்தப் பிடிப்புக் கணக்கை நம்பிய அரசு, இருப்பை அதிகமாக மதிப்பிட்டது. 1992 ஜூலை 2 அன்று கனடாவின் மீன்வளத் துறை அமைச்சர் ஜான் கிராஸ்பி தடையை அறிவித்தபோது சுமார் 30,000 பேர் வேலை இழந்தார்கள். இரண்டு ஆண்டுகள் என்று சொல்லப்பட்ட தடை முடிய 32 ஆண்டுகள் ஆயின. 2024இல் மீண்டும் அனுமதித்தபோதும் அளவு 18,000 டன் மட்டுமே.

நமக்கு அருகிலேயே கேரளத்தின் மத்தி இருக்கிறது. 2012இல் ஏறத்தாழ நான்கு லட்சம் டன்னாக இருந்த அங்கத்திய பிடிப்பு, 2021இல் 3,297 டன்னாகச் சரிந்தது. கடலின் வெப்பமும் பருவ மாற்றமும் மத்தியைப் பெரிதும் பாதிக்கின்றன. இயற்கையே கைவிடும் ஆண்டுகளில் குஞ்சையும் பிடித்தால் மீட்சி இன்னும் தள்ளிப்போகும். இதை உணர்ந்துதான் கேரளம் மத்திக்கு 10 சென்டிமீட்டர், அயிலைக்கு 14 சென்டிமீட்டர் என்று பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவை விதித்தது.

காத்திருப்பின் செலவு யாருக்கு?

மீன் பெருகினால் வருவாய் நாளை வரும். செலவு இன்றே ஆகிறது. தடைக்கால நிவாரணமாகத் தமிழ்நாட்டில் ஒரு மீனவக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது. 61 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். வீட்டு வாடகையும் பள்ளிக் கட்டணமும் அதில் அடங்காது. குடும்பம் கடன் வாங்குகிறது. அந்தக் கடனே தடை முடிந்ததும் கண்ணில் பட்டதையெல்லாம் பிடிக்கத் துரத்துகிறது.

மாற்றுத் தொழிலுக்கும் இதே கதிதான். பாக் நீரிணையில் இழுவைப் படகைக் கைவிட்டுச் சூரை பிடிக்கும் ஆழ்கடல் படகுக்கு மாறும் திட்டம் 2017இல் வந்தது. 80 லட்சம் ரூபாய்ப் படகுக்கு மத்திய, மாநில அரசுகள் 70 விழுக்காடு மானியம் தந்தன. ஆனாலும் எதிர்பார்த்த எண்ணிக்கையில் மீனவர்கள் வரவில்லை. ஒரே இரவில் போய்த் திரும்பிப் பழகியவர்களுக்கு நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கும் தொழில் புதிது. படகுக்கு மானியம் இருந்தது, கைக்குப் பயிற்சியும் பிடித்த மீனுக்கு உறுதியான விலையும் போதுமான அளவுக்கு இல்லை.

என்ன செய்ய வேண்டும்?

நிவாரணம் தடை தொடங்கும் முன்பே, அன்றாடச் செலவுக்கு ஈடாகக் கைக்கு வர வேண்டும். ஏலக்காரரின் முன்பணத்துக்கு மாற்றாகக் கூட்டுறவுச் சங்கங்கள் குறைந்த வட்டியில் கடன் தர வேண்டும். தொழிலை விட விரும்புவோரின் இழுவைப் படகுகளை அரசே நல்ல விலைக்கு வாங்கி, எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். கண்ணி விதியைக் கடலில் மட்டுமன்றி, ஏலக்கூடத்திலும் தீவன ஆலையின் வாசலிலும் சோதிக்க வேண்டும். குஞ்சை வாங்க ஆளில்லை என்றால் பிடிக்கவும் ஆளிருக்காது.

கடல் மீன் நம் எல்லோருடைய உணவு. அது பெருகக் காத்திருக்கும் செலவைக் கடற்கரைக் குடும்பங்கள் மட்டுமே சுமப்பது நியாயமில்லை. அதில் அரசுக்கும், மீன் தின்னும் நமக்கும் பங்குண்டு. தடை நாட்களில் விலை கூடினால் முகம் சுளிக்காதீர்கள். சந்தையில் விரல் நீள வஞ்சிரத்தைப் பார்த்தால் வாங்காதீர்கள்.